கப்பலைக் கொடுத்துத் தானியம் வாங்கியவர்கள்

அவைத்தலைவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

முதல் உலகப் போரில் நடுநிலை வகித்த நாடுகளை, ஒதுங்கி நின்று இலாபம் பார்த்தவர்கள் என்று ஒரே வரியில் சொல்லிக் கடந்துவிடுகிறோம். இலாபம் பார்த்தவர்கள் இருந்தார்கள் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் 1917-இன் நடுவில் நெதர்லாந்தும் நார்வேயும் ஒரே நெருக்கடியில் நின்றன: தானியம் வர வேண்டுமானால், தம் கப்பல்களை நேச நாடுகளின் பயன்பாட்டுக்கு விட வேண்டும், விட்டால் ஜெர்மனி சும்மா இராது.

நெதர்லாந்தின் துறைமுகமான ரோட்டர்டாமில் இறங்கும் கோதுமை ரைன் ஆற்றின் வழியே ஜெர்மனிக்குப் போய்விடும் என்பது பிரிட்டனின் நெடுநாள் கவலை. அதற்கு விடையாக 1914 நவம்பரில் டச்சு வணிகர்களும் வங்கியாளர்களும் கப்பல் முதலாளிகளும் கூடி ஹேக் நகரில் ஒரு தனியார் பொறுப்பு நிறுவனத்தைத் தொடங்கினார்கள். இறக்குமதிச் சரக்குகள் அதன் பெயருக்கே வரும். அவை பிரிட்டனின் பகைநாட்டுக்கு மறுஏற்றுமதி ஆகா என்று உறுதி கூறி, இறக்குமதியாளர் ஈடு கட்ட வேண்டும். இந்த உறுதியை அரசாங்கம் கொடுத்தால் நடுநிலை கெடும். வணிகர்கள் கொடுத்தால் கெடாதாம்! இந்த நாசூக்கை நான் இன்றும் வியக்கிறேன். பின்னர் பிரிட்டன் ஒருபடி மேலே போய், அமைதிக்காலத்தில் ஒரு நாடு தன் தேவைக்கு எவ்வளவு வாங்கியதோ அவ்வளவுக்கு மட்டுமே கடல்வழி திறக்கும் என்று பங்கீட்டு முறையைக் கொண்டுவந்தது.

அமெரிக்கா போரில் இறங்கியதும் பிடி இறுகியது. 1917 ஜூலையில் அது ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு விதித்தபோது, தானியம் ஏற்றிய டச்சுக் கப்பல்கள் அமெரிக்கத் துறைமுகங்களிலேயே முடங்கின. அதே மாதத்தில் ஆம்ஸ்டர்டாமில் உருளைக்கிழங்குக்காகக் கலவரம் மூண்டது என்பதை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். 1918 தொடக்கத்தில், அக்கப்பல்களை அமெரிக்கா தற்காலிகமாகப் பயன்படுத்திக்கொள்ள ஓர் ஏற்பாடு உருவானது. ஜெர்மனியின் எதிர்ப்பால் அது கைகூடவில்லை. மார்ச் 20 அன்று அதிபர் வில்சன் அவற்றைக் கையகப்படுத்த ஆணையிட்டார். போர்க்காலத்தில் தன் துறைமுகத்தில் நிற்கும் அயலார் கப்பலை இழப்பீடு கொடுத்து எடுத்துக்கொள்ளலாம் என்ற பழைய சட்ட உரிமையை அமெரிக்காவும் பிரிட்டனும் தூசு தட்டி எடுத்தன.

நார்வே வேறு வழியில் போனது. அதற்கு முன்பே அடி வாங்கிய அனுபவம் அதற்கு இருந்தது. 1916 இறுதியில், ஜெர்மனிக்குச் செப்புக் கனிமம் அனுப்புவதைக் கட்டுப்படுத்தும் உடன்பாட்டை மீறியதாகக் குற்றம் சாட்டிப் பிரிட்டன் நிலக்கரியை நிறுத்தியதால், நார்வே கடுங்குளிர்காலத்தைக் கரியின்றித் தொடங்கியது. அதே வேளையில் நீர்மூழ்கிகளுக்குத் தன் கடலில் தடை விதித்ததற்காக ஜெர்மனியின் சினத்துக்கும் ஆளாகியிருந்தது. 1917-இல் தன் கப்பல்களில் பெரும்பங்கைப் பிரிட்டனின் சேவைக்கு விட்டு, அதற்கு ஈடாக நிலக்கரி பெற்றது.

தானியத்துக்காக வாஷிங்டனுக்கு அனுப்பப்பட்டவர் துருவப் பயணி ஃபிரிட்யோஃப் நான்சென். பேச்சுவார்த்தை மாதக்கணக்கில் நீண்டது. ஜெர்மனிக்கு நார்வே அனுப்பும் மீனையும் கனிமங்களையும் எவ்வளவு குறைப்பது என்பதே சிக்கல். முழுவதும் நிறுத்தினால் பெர்லின் பகைக்கும், நிறுத்தாவிட்டால் அமெரிக்கத் தானியம் வராது. தலைநகர் கிறிஸ்டியானியாவில் (இன்றைய ஓஸ்லோ) அரசு தயங்கிக்கொண்டே இருந்தது. 1918 ஜனவரியில் நார்வேயில் உணவுப் பங்கீடும் தொடங்கிவிட்டது. கடைசியில் ஏப்ரல் 30 அன்று நான்சென் தம் பொறுப்பிலேயே கையெழுத்திட்டார். ஜெர்மனிக்கான ஏற்றுமதிக்கு வரம்பு விதிக்கப்பட்டது. ஆனால் அது அடியோடு நிற்கவில்லை.

ஆகவே நார்வே புத்திசாலி, நெதர்லாந்து ஏமாளி என்று தீர்ப்பெழுதுவது எளிது. நான் அப்படி எழுத மாட்டேன். நெதர்லாந்தின் எல்லைக்கு அப்பால் ஜெர்மானியப் படை நின்றது. நார்வேக்கும் ஜெர்மனிக்கும் நடுவே கடல் இருந்தது. மேலும், கப்பலைக் கொடுப்பது என்பது கப்பலோடு மாலுமியையும் கொடுப்பதாகும். போர் முடிந்தபோது நார்வே தன் வணிகக் கப்பற்படையில் ஏறத்தாழப் பாதியை இழந்திருந்தது. நடுநிலை நாடு ஒன்றின் கொடியின் கீழ்ச் சென்ற மாலுமிகளில் ஏறத்தாழ 2,000 பேர் கடலோடு போனார்கள்.