ஒன்பது வெற்றியும் ஒரு மறுப்பும்

வானொலி நேயர்களுக்கு என் அன்பு வணக்கம்.

முப்பது வருஷத்துக்கு மேல் கல்லூரி மைதானத்தில் விசிலும் கையுமாக நின்றவன் நான். எத்தனையோ அணிகளோடு ரயிலேறிப் போயிருக்கிறேன். கோப்பையோடும் திரும்பியிருக்கிறேன், வெறுங்கையோடும் திரும்பியிருக்கிறேன். ஆனால் இன்று பேச வந்திருப்பது நான் கண்ணால் காணாத ஓர் அணியைப் பற்றி. 1951-இல் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ பல்கலைக்கழகத்துக்காக அமெரிக்கக் கால்பந்து ஆடிய ‘டான்ஸ்’ (Dons) அணி. ஒன்பது ஆட்டம் ஆடினார்கள், ஒன்பதிலும் ஜெயித்தார்கள். அடுத்த ஆண்டு அந்த அணியே இல்லை.

அமெரிக்கக் கால்பந்து என்பது நாம் ஆடும் கால்பந்து அல்ல. பந்து இரு முனையும் கூர்ந்தது. அதைக் கையில் அணைத்துக்கொண்டு ஓடலாம், எறியலாம். எதிரணி மேலே விழுந்து மடக்கும். பக்கத்துக்குப் பதினொரு பேர், நூறு கெஜ மைதானம். எதிர்க்கோட்டைப் பந்தோடு தாண்டினால் டச்டவுன், அதற்கு ஆறு புள்ளி. பிடிபடாமல் கோட்டைத் தொடுவதுதான் உயிர்நாடி என்று சொன்னால், சடுகுடு பார்த்து வளர்ந்தவர்களுக்குப் பாதி புரிந்துவிடும்.

பயிற்சியாளர் ஜோ குஹாரிச் கண்டிப்பானவர். சீசன் தொடங்கும் முன் பையன்களை வடக்குக் கலிஃபோர்னியாவில் கார்னிங் என்ற சிற்றூருக்குக் கூட்டிப்போய்விடுவார். அங்கே புல்தரை எல்லாம் கிடையாது. வெயிலும் புழுதியும் முள்ளுமான ஒரு பொட்டல். பல்கலைக்கழகமும் வசதியானதல்ல. ஏசு சபைப் பாதிரியார்கள் நடத்திய சின்ன நிறுவனம். பக்கத்திலிருந்த பெரிய பல்கலைக்கழகங்களின் செல்வாக்கு அதற்கு இல்லை.

அந்தப் பொட்டலில் சேர்ந்து புரண்டவர்களைப் பாருங்கள். ஜினோ மார்செட்டி இரண்டாம் உலகப் போரில் ஐரோப்பாவின் பனிக்காட்டில் சண்டையிட்டுத் திரும்பியவர். பாப் செயின்ட் கிளேர் ஆறடி ஒன்பது அங்குலம். கட்சி வேலை மாதிரி ஊர் ஊராகப் பத்திரிகைக்காரர்களைப் பிடித்து அணியின் பெயரைப் பரப்பிய இளைஞர் பீட் ரோசல். பின்னாளில் அமெரிக்கத் தொழில்முறைக் கால்பந்தையே ஆண்டவர் அவர். இவர்களோடு இரண்டு கறுப்பின ஆட்டக்காரர்கள், ஆலி மாட்சனும் பர்ல் டோலரும். மாட்சன் பிறந்தது டெக்சஸில், டோலர் பிறந்தது மெம்பிஸில். இரண்டும் தென்பகுதி. இருவரும் சான் பிரான்சிஸ்கோ சிட்டி கல்லூரியில் ஒன்றாக ஆடி, ஒன்றாகவே இங்கே வந்தவர்கள்.

மாட்சனைப் பற்றிக் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும். அக்டோபரில் அணி நாட்டின் மறுகோடிக்குப் பயணமாகி, நியூயார்க்கில் ஃபோர்டம் பல்கலைக்கழகத்தோடு மோதியது. எதிரணி உதைத்த பந்து வானத்தில் எழுந்து வருகிறது. தன் கோட்டுக்குப் பக்கத்தில் நின்று மாட்சன் அதை வாங்குகிறார். எதிரே பதினொரு பேர் பாய்ந்து வருகிறார்கள். அவர் ஓடுகிறார், 94 கெஜம். யார் கையிலும் சிக்கவில்லை. ஒரு முறை நடந்தால் அதிர்ஷ்டம் என்று விட்டுவிடலாம். அதே ஆட்டத்தில் இன்னொரு முறை 90 கெஜம் ஓடி இன்னொரு டச்டவுன். ஆட்டம் 32-க்கு 26 என்று முடிந்தது. அந்த இரண்டு ஓட்டமும் இல்லாவிட்டால் தோல்விதான். சீசன் முடிவில் நாட்டிலேயே அதிகமாக, பந்தோடு ஓடிய 1,566 கெஜமும் 21 டச்டவுனும் அவர் கணக்கில் இருந்தன. அப்படியும் சிறந்த ஆட்டக்காரருக்கான ஹெய்ஸ்மன் கோப்பை அவருக்கு வரவில்லை, பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்து ஆட்டக்காரருக்குப் போனது. இதை என்னால் இன்றைக்கும் ஜீரணிக்க முடியவில்லை.

அதே அக்டோபரில் ஓக்லஹோமாவில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். டிரேக் பல்கலைக்கழகத்தின் கறுப்பின ஆட்டக்காரர் ஜானி பிரைட்டை, பந்து அவர் கையில் இல்லாதபோதே முகத்தில் தாக்கித் தாடையை உடைத்தார்கள். அந்தப் புகைப்படங்களுக்குப் பத்திரிகைத் துறையின் புலிட்சர் பரிசு கிடைத்தது. காலம் அப்படி.

நவம்பர் வந்தது. பசிஃபிக் கல்லூரியை 47-க்கு 14 என்று வீழ்த்தினார்கள். கடைசி ஆட்டம் பசடேனா நகரின் ரோஸ் பவுல் அரங்கில் லயோலா அணியோடு. 20-க்கு 2. சீசன் முடிந்தது, ஒரு கறை இல்லை.

அங்கே கல்லூரி அணிகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. சீசனில் நன்றாக ஆடியவர்களைப் புத்தாண்டை ஒட்டி நடக்கும் ‘பவுல்’ ஆட்டங்களுக்கு அழைப்பார்கள். பெருமையும் உண்டு, பணமும் உண்டு. கால்பந்தால் கடனேறிக் கிடந்த பல்கலைக்கழகத்துக்கு அந்தப் பணம் உயிர்த்தண்ணீர். ஆனால் பெரிய பவுல்களில் பல தென்மாநிலங்களில் நடந்தன. கறுப்பருக்கு ஓட்டலில் தனி வாசல், பேருந்தில் தனி இருக்கை என்று சட்டமே இருந்த நிலம் அது. அணியினர் பின்னாளில் ஒரே குரலில் சொன்னது இதுதான்: மாட்சனையும் டோலரையும் வீட்டில் விட்டுவிட்டு வந்தால் இடம் உண்டு என்று சேதி வந்தது. வெளியே சொல்லப்பட்ட காரணம் வேறு. எதிரணிகள் பலவீனமானவை, அதனால் அழைக்கவில்லை என்றார்கள்.

பையன்கள் ஓட்டெடுப்பு நடத்தவில்லை, கூடி விவாதிக்கவும் இல்லை. முடியாது என்றார்கள். அவ்வளவுதான்.

இந்த இடத்தில் என் அனுபவத்திலிருந்து ஒன்று சொல்வேன். இருபது இருபத்தொரு வயசுப் பையனுக்குப் பெரிய போட்டி என்றால் சோறு தண்ணி வேண்டாம். அதற்காக எதையும் விட்டுக்கொடுப்பான். அந்த வயசில் அத்தனை பேரும் யோசிக்காமல் முடியாது என்கிறார்கள் என்றால், அந்தப் பதில் அன்றைக்குப் பிறந்ததாக எனக்குத் தோன்றவில்லை. கார்னிங் புழுதியில் ஒருத்தன் விழும்போது இன்னொருத்தன் கை கொடுத்துத் தூக்கினானே, அங்கேயே அது முடிவாகிவிட்டது என்றுதான் நினைக்கிறேன். அங்கே கற்றுக்கொண்டதைப் பையன்கள் திருப்பிச் சொன்னார்கள்.

விலையும் கொடுத்தார்கள். பவுல் பணம் வரவில்லை, பல்கலைக்கழகம் கால்பந்தையே நிறுத்திவிட்டது. இன்னும் படிப்பு முடியாத ஆட்டக்காரர்கள் வேறு கல்லூரி தேட வேண்டியதாயிற்று.

மாட்சன் 1952-இல் ஹெல்சின்கி ஒலிம்பிக்கில் 400 மீட்டரில் வெண்கலமும் தொடரோட்டத்தில் வெள்ளியும் வாங்கினார். அவரும் மார்செட்டியும் செயின்ட் கிளேரும் தொழில்முறைக் கால்பந்தின் தலைசிறந்தவர்களைக் கௌரவிக்கும் புகழ்மாளிகையில் இடம்பெற்றார்கள். ஒரே கல்லூரி அணியிலிருந்து மூவர்.

டோலருக்குத்தான் விதி கைகொடுக்கவில்லை. 1952-இல் கல்லூரி நட்சத்திரங்கள் கூடி ஆடிய காட்சி ஆட்டத்தில் முழங்கால் போய்விட்டது. தொழில்முறை ஆட்டம் ஒன்றுகூட ஆடாமல் வாழ்க்கை திசைமாறியது. ஆசிரியரானார், சான் பிரான்சிஸ்கோவில் பள்ளித் தலைமையாசிரியரானார். விசிலைக் கையில் எடுத்தார். 1965-இல் தொழில்முறை அணிகள் ஆடும் தேசியக் கால்பந்து லீகின் முதல் கறுப்பின நடுவர் ஆனார். லீகின் தலைவராக அப்போது இருந்தவர், அதே பீட் ரோசல்.

1980 ஜனவரி. நாடே தொலைக்காட்சி முன் உட்கார்ந்திருக்கும், அந்த லீகின் சூப்பர் பவுல் இறுதியாட்டம். பசடேனாவின் அதே ரோஸ் பவுல் அரங்கம். இருபத்தெட்டு வருஷத்துக்கு முன் அந்த அணி கடைசியாக ஆடிய அதே தரை. கோட்டோரம் வரிச்சட்டை போட்டுக்கொண்டு நடுவராக நின்றவர் பர்ல் டோலர்.

வாய்ப்புக்கு நன்றி, வணக்கம்.