ஐந்து கட்டை மூன்று கட்டை ஆன கதை: ஸ்பூல் மெஷின் வாங்கும் முன் தகட்டைப் பாருங்கள்

வணக்கம் மக்களே! பின்னால் சரசரவென்று கேட்கிறதா? ஓடுகிறது! மூன்று வாரமாக உங்களிடம் புலம்பினேனே, அதே ஸ்பூல் மெஷின், பெரிய சக்கரத்தில் டேப் சுற்றி ஓடும் பழைய டேப் ரிக்கார்டர். இன்றைக்குச் சரியான வேகத்தில் ஓடுகிறது.

போன வீடியோவில் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மரைக் காட்டி, '230 வோல்ட்டை 110 ஆக்கியாச்சு, வேலை முடிஞ்சுது' என்றேன். தப்பு. அதை நம்பி யாராவது மெஷின் வாங்கியிருந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள்.

பெரியம்மா 1971 நவராத்திரியில் எங்கள் வீட்டுக் கொலுவுக்குப் பாடிய ஸ்பூலைப் போட்டேன். பெரியம்மாவும் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். இரண்டு வரி போனதும், "யாருடா இது, ஆம்பளைக் குரல் மாதிரி இருக்கு?" என்றார். எப்போதும் ஐந்து கட்டை சுருதியில் பாடுகிறவர், கட்டை குறைந்தால் குரல் தாழ்ந்துவிடும். சுருதிப் பெட்டியை வைத்துப் பார்த்தால், மூன்று கட்டைக்கும் ஒரு நூல் கீழே நிற்கிறது.

காரணம் மெஷினின் பின்பக்கத் தகட்டிலேயே இருக்கிறது: 60 ஹெர்ட்ஸ், அதாவது மின்சாரம் வினாடிக்கு 60 சுற்று அலைகிறது. அமெரிக்காவுக்காகச் செய்தது. உள்ளே இருப்பது சிங்க்ரனஸ் மோட்டார். அதன் வேகத்தை முடிவு செய்வது ஹெர்ட்ஸ், வோல்ட் இல்லை. நம் ஊரில் 50. டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டைக் குறைக்கும், ஹெர்ட்ஸைத் தொடாது. ஆறு பங்கு வேகம் ஐந்து பங்காகிவிட்டது. விற்றவரோ 'டிரான்ஸ்ஃபார்மர் இருந்தா போதும்' என்று அடித்துச் சொன்னார். எனக்கு இன்னும் ஆறவில்லை.

நீங்களும் சோதிக்கலாம். வெற்று டேப்பில் 225 அங்குலம் அளந்து, இரு முனையிலும் வெள்ளைப் பென்சிலால் கோடு போடுங்கள். வினாடிக்கு 7½ அங்குல வேகத்தில் அது 30 வினாடியில் ஹெட்டை, அதாவது டேப்பிலிருந்து ஒலியைப் படிக்கும் பாகத்தை, கடக்க வேண்டும். எனக்கு 36. மூன்று தடவை பார்த்தேன், மூன்று தடவையும் 36!

மோட்டார் புல்லியைக் கழற்றி எடுத்துக்கொண்டு அம்பத்தூரில் ஒரு லேத் பட்டறைக்குப் போனேன். புல்லி பெரிதானால் டேப் வேகமாக ஓடும். பழையது 15 மில்லிமீட்டர். பட்டறைக்காரர் 18-க்குப் பித்தளையில் கடைந்து கொடுத்தார். 350 ரூபாய்! டிரான்ஸ்ஃபார்மருக்கு 2,400 கொடுத்தவன் நான். அதுவும் வேண்டியதுதான், ஆனால் பாட்டைத் திருப்பிக் கொடுத்தது இந்த 350 ரூபாய்ப் பித்தளை. பாருங்கள், கேமரா கிட்டே காட்டுகிறேன், கடைந்த கோடு ஒன்றுகூடத் தெரியவில்லை. இப்போது 30.2 வினாடி. அந்தப் புள்ளி இரண்டு ஏன் என்றால், பெல்ட்டின் தடிமனைக் கணக்கில் சேர்க்க மறந்துவிட்டேன். 18.1 என்று சொல்லியிருக்க வேண்டும்.

இன்னொன்று. 50 ஹெர்ட்ஸில் இந்த மோட்டார் கூடுதலாகச் சூடாகும். ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்தித் தொட்டுப் பார்க்கிறேன். இந்தத் தலைவலியே வேண்டாம் என்றால் ரெவாக்ஸ் ஏ77 மாதிரி மெஷின் தேடுங்கள். அதில் டேப்பை இழுக்கும் கேப்ஸ்டன் தண்டின் வேகத்தை உள்ளே இருக்கும் சர்க்யூட்டே கட்டுப்படுத்தும், ஹெர்ட்ஸ் எதுவானாலும் கவலையில்லை. அலமாரியில் அழகுக்கு வைக்க வாங்குகிறவர்களை எனக்குப் பிடிக்காது, தயவுசெய்து ஓட்டுங்கள்.

ஐயோ, முதலிலேயே சொல்லியிருக்க வேண்டியது: பழைய ஸ்பூலைப் போடும் முன் ஹெட்டை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் துடையுங்கள். எனக்குப் பஞ்சு காப்பிப் பொடி நிறத்தில் வந்தது.

அப்புறம், பெரியம்மாவின் ஸ்பூல் மோனோ. டேப்பின் மேல் பாதியில் ஒரு பக்கம், கீழ்ப் பாதியில் மறுபக்கம். என் மெஷின் நான்கு டிராக் ஸ்டீரியோ, மேல் பாதியில் ஒரு டிராக்கையும் கீழ்ப் பாதியில் ஒரு டிராக்கையும் ஒரே சமயத்தில் படிக்கும். அதனால் இடது ஸ்பீக்கரில் பெரியம்மா பாடுகிறார், வலதில் மறுபக்கம் தலைகீழாக ஓடுகிறது! பயப்படாதீர்கள், வலது பக்கத்தை அடைத்துவிட்டால் போதும்.

இன்று காலை மறுபடி போட்டேன். சுருதிப் பெட்டி ஐந்தில். பெரியம்மா கண்ணை மூடிக்கொண்டு தொடையில் தாளம் போட்டார். முடிந்ததும், "அனுபல்லவியில அவசரப்பட்டிருக்கேன்" என்றார், அவ்வளவுதான். சாப்பிட்டுவிட்டு வந்து மறுபக்கத்தைக் கேட்கலாம் என்றிருக்கிறார். இதோ, கூப்பிடுகிறார். கேமராவை நிறுத்துகிறேன்.