உடைந்ததைக் கையில் எடுத்துக்கொண்டு

நேயர்களுக்கு என் அன்பான வணக்கம்.

அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில், மிசிசிப்பி ஆற்றங்கரையின் மேட்டில் அமைந்திருக்கிறது மெம்பிஸ் நகரம். ஆண்டுதோறும் இலையுதிர் காலத்தில், பொற்கொல்லர்களும் வெள்ளி வேலைக்காரர்களும் இரும்பில் கலைவேலை செய்யும் கருமான்களும் நாட்டின் பல மூலைகளிலிருந்து அங்கே வந்து கூடுகிறார்கள். அவர்களில் பலர் கலைக்கூடங்களில் காட்சிக்கு வைக்கும் தரத்தில் நகையும் பாத்திரமும் செய்பவர்கள். ஆனால் அந்தச் சில நாள்களில் தங்கள் படைப்பைக் காட்டுவது அவர்களின் முதன்மை வேலை அன்று. நகரத்து மக்கள் வீட்டிலிருந்து கொண்டுவரும் உடைந்த சங்கிலி, நசுங்கிய தேநீர்க் குவளை, கால் கழன்ற மெழுகுவர்த்தித் தண்டு, துருவேறிய தோட்டத்துக் கதவு ஆகியவற்றை வாங்கி, வரிசையாகப் பட்டறை போட்டு உட்கார்ந்து சரிசெய்து கொடுக்கிறார்கள். இதற்காக அவர்கள் கூலி வாங்குவதில்லை. மக்கள் கொடுக்கும் கட்டணம் முழுவதும் இந்தக் கூடுகையை நடத்தும் உலோக அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேருகிறது. 'ரிப்பேர் டேஸ்' என்று மிக எளிமையாகப் பெயர் வைத்திருக்கிறார்கள். பழுதுபார்க்கும் நாள்கள் என்பதுதான் அதன் பொருள்.

தலைமுறை தலைமுறையாகப் பொன்வேலை செய்துவரும் குடும்பத்தில் பிறந்தவன் நான். கும்பகோணத்தில் வெள்ளிப் பாத்திரப் பட்டறை வைத்திருக்கிறேன். தொழிலாளர்களும் கலைஞர்களும் ஆண்டுக்கொரு முறை கூடுவது உலகெங்கும் நடக்கிறது; பல கூடுகைகளைப் பற்றிப் படித்திருக்கிறேன். அவற்றுள் இந்த மெம்பிஸ் கூடுகை என் மனத்தில் தனியாகத் தங்கிவிட்டதற்குக் காரணம் உண்டு. அதைத்தான் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள வந்திருக்கிறேன்.

முதலில் அந்த இடத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். உலோகக் கலைக்கென்றே தனியாக அமைந்த அந்த அருங்காட்சியகம் 1979ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. ஆற்றில் கப்பலோட்டிய மாலுமிகளுக்காக அரசு ஒருகாலத்தில் நடத்திய மருத்துவமனையின் வளாகம் அது. அதன் முதல் இயக்குநர் ஜேம்ஸ் வாலஸ் இரும்படித்துப் பழகிய கருமான். ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் அந்தப் பொறுப்பில் இருந்தவர். வளாகத்துக்குள்ளேயே உலைக்களமும் வார்ப்புக் கூடமும் இருக்கின்றன. ஆகவே, செய்து முடித்த பொருளைக் கண்ணாடிப் பேழைக்குள் பார்த்துவிட்டு வெளியே வருகிறவர், அடுத்த கட்டிடத்தில் சுத்தியல் ஓசையையும் கேட்கலாம். பத்தாம் ஆண்டு நிறைவுக்காக அங்கே நிறுவிய இரும்பு வாயிற்கதவை இங்கிலாந்துக் கருமான் ரிச்சர்ட் குயினெல் வடிவமைத்தார். அதன் சட்டங்களுக்கிடையே பதித்திருக்கும் பூக்களைப் பல நாட்டுக் கம்மியர்கள் தத்தம் பட்டறையில் செய்து அனுப்பினார்கள். ஒரு பூவைப் போல மற்றொன்று இராது. வாசலிலேயே ஒரு கூடுகை நிற்கிறது என்று சொல்லத் தோன்றுகிறது.

இந்தத் துறையில் பெரிய அளவில் நடக்கும் மாநாடு வேறொன்று உண்டு. வட அமெரிக்கப் பொற்கொல்லர் சங்கம் 1969இல் தொடங்கி, 1970இல் மினசோட்டா மாநிலத்தின் செயின்ட் பால் நகரில் தன் முதல் மாநாட்டை நடத்தியது. அதன்பின் நகரம் நகரமாக மாறி மாறி மாநாடுகள் நடந்துவந்திருக்கின்றன. அங்கே உரைகளும் கண்காட்சிகளும் கருவி விற்பனையும் உண்டு. வருகிறவர்கள் கைப்படச் செய்த சிறு சட்டை ஊசிகளைப் பை நிறையக் கொண்டுவந்து, அறிமுகமில்லாதவர்களோடு மாற்றிக்கொள்ளும் அழகான வழக்கமும் உண்டு. அந்த மாநாட்டின் பெருமையை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆயினும் மேடையில் ஒருவர் பேச, கீழே நூற்றுக்கணக்கானோர் கேட்பது ஒரு வகைக் கல்வி. ஒரே உடைந்த பொருளின்மேல் நான்கு தலைகள் குனிவது முற்றிலும் வேறு வகைக் கல்வி. இரண்டாவது வகை எத்தனை அரியது என்பதை எங்களைப் போன்ற குடும்பங்களில் பிறந்தவர்கள் நன்றாக அறிவோம்.

'பொடிவைத்து ஊதுதல்' என்ற பேச்சுவழக்கு எங்கள் பட்டறையிலிருந்து ஊருக்குப் போனது என்பார்கள். இரண்டு துண்டுகளைப் பற்றவைப்பதற்கான உலோகப் பொடியை வெண்காரத்தோடு சேர்த்து இணைப்பில் வைத்து, ஊதுகுழலால் தீயை அதன்மேல் செலுத்துவது பொற்கொல்லனின் அன்றாட வேலை. அந்தப் பொடியில் எதை எவ்வளவு சேர்ப்பது என்பது வீட்டுக்கு வீடு மாறும். யாரும் யாருக்கும் சொல்வதில்லை. என் சித்தப்பா பொடி கூட்டும்போது மடியில் துண்டை விரித்து, முதுகைத் திருப்பிக்கொண்டு உட்காருவார். பொன்னுக்குச் செம்மஞ்சள் நிறம் ஏற்றுவதில் எங்கள் தெருவில் அவருக்கு இணை கிடையாது. அந்த நிறத்தை எப்படிக் கொண்டுவந்தார் என்பது அவரோடு போய்விட்டது. அவர்மேல் எனக்குக் குறை இல்லை. கையில் இருந்த ஒரே சொத்து அந்த வித்தைதான் என்னும்போது, அதை மூடி வைத்தவரை எப்படிக் குற்றம் சொல்வது? ஆனால் இழப்பு இழப்புதான். இன்றைக்கும் அவர் செய்த வளையல் ஒன்றை வெயிலில் பிடித்துப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது.

பழுதுபார்க்கும் வேலை இந்த மூடிய கதவைத் திறக்கிறது என்பது என் உறுதியான எண்ணம். புதிதாக ஒரு நகையைச் செய்கிறவன் தனக்குத் தெரிந்த வழியில் செய்துவிட்டுப் போகலாம். பழுதுபார்க்கிறவனுக்கு அந்த வசதி கிடையாது. முகம் தெரியாத இன்னொருவன் எந்தக் காலத்திலோ செய்ததை அவன் வழியிலேயே போய்ப் படித்தாக வேண்டும். இது என்ன உலோகம், மேல்பூச்சு மட்டும்தானா, எந்த இடத்தில் இணைத்திருக்கிறார்கள், இதற்கு முன் எத்தனை பேர் இதைத் தொட்டிருக்கிறார்கள் என்று பொருளையே கேட்க வேண்டியிருக்கிறது. ஒருவனுக்கு விடை தெரியாதபோது பக்கத்துப் பட்டறைக்காரனைக் கேட்காமல் முடியாது. மெம்பிஸில் நகை செய்யும் இளம்பெண் ஒருத்தி கதவுக் கீலைப் பற்றி முதிய கருமானிடம் கேட்கலாம்; அதே கருமான், கல் பதித்த மோதிரம் ஒன்று கையில் அகப்பட்டுவிட்டால் அவளிடம் வந்து நிற்க வேண்டும். வேலை அவர்களை அப்படிப் பேசவைக்கிறது.

அந்த வேலைகளின் நுட்பத்தைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். அமெரிக்க வீடுகளில் சமையலறைத் தொட்டிக்கு அடியில் உணவுக் கழிவை அரைக்கும் இயந்திரம் ஒன்று பொருத்தியிருப்பார்கள். பாட்டி காலத்து வெள்ளிக் கரண்டி தவறி அதற்குள் விழுந்தால், விளிம்பெல்லாம் கடித்துத் துப்பியதுபோல் ஆகிவிடும். பழகாதவன் உடனே அரத்தை எடுத்து விளிம்பை ராவி வழுவழுப்பாக்குவான். கரண்டி சிறுத்துப்போகும், வடிவமும் கெடும். பழகியவன் முதலில் அதைத் தீயில் காய்ச்சி, உருகாமல் மென்மையாக்குகிறான். பிறகு உருண்டைத் தலையுள்ள இரும்பின்மேல் கவிழ்த்து, பிதுங்கி நிற்கும் வெள்ளியைச் சிறு சுத்தியலால் பழைய இடத்துக்கே மெல்ல மெல்லத் தள்ளுகிறான். ஒரு குன்றிமணி எடைகூடக் குறையாமல் அத்தனையும் உள்ளே போய்ச் சேர வேண்டும். அரம் கடைசியில்தான் வரும், அதுவும் பெயருக்கு.

செம்புப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுவதும் இத்தகைய வேலைதான். நம் ஊர்த் தெருக்களில் துருத்தியோடு வந்து, நிலத்தில் சிறு குழி வெட்டிக் கரி மூட்டி, 'ஈயம் பூசலையோ' என்று குரல் கொடுத்தவர்களை என் வயதினர் மறந்திருக்க மாட்டார்கள். பாத்திரத்தைச் சூடேற்றி நவச்சாரப் பொடியைத் தூவினால் வெண்புகை குபீரென்று எழும். அந்தப் புகையோடு செம்பின் அழுக்கும் கழன்றுவிடும். வெள்ளீயம் 232 பாகை செல்சியசிலேயே உருகிவிடுவதால், சூடேறிய செம்பில் ஒரு துண்டைத் தேய்த்த உடனேயே பாதரசம்போல் ஓடத் தொடங்கும். அந்தக் கணத்தில் பஞ்சை வைத்து ஒரே வீச்சில் துடைத்துப் பரப்ப வேண்டும். சூடு குறைந்தால் ஈயம் திட்டுத் திட்டாக நிற்கும், சூடு மிஞ்சினால் கருத்துப்போகும். புத்தகத்தைப் பார்த்துக் கற்றுக்கொள்ள முடியாத வித்தை அது. துடைக்கும் கையைப் பக்கத்தில் நின்று பார்த்தவர்களுக்கே வரும். நம் தெருக்களில் அந்தக் கை ஏறக்குறைய மறைந்துவிட்டது என்பதைச் சொல்லும்போது எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது.

நகைப் பழுதில் கல்தான் பெரிய சோதனை. முத்து, பவளம், ஓபல் ஆகியவை தீயைத் தாங்கா. மாணிக்கம் ஓரளவு தாங்கும். அறுந்த கொக்கியிலிருந்து ஒரு விரற்கடைத் தொலைவில் முத்து இருக்குமானால், அதைக் கழற்றி எடுக்க முடியுமா, ஈரத்துக்குள் புதைத்துவைத்து எதிர்ப்பக்கம் மட்டும் சூடேற்றலாமா, இல்லை பற்றவைக்காமலே ஆணியடித்து முடுக்கிவிடலாமா என்று மூன்று வழிகளையும் எடைபோட்டுப் பார்த்த பிறகே தீயைத் தொட வேண்டும். இப்போது லேசர் பற்றவைப்பு இயந்திரம் வந்திருப்பதால் இந்தச் சங்கடம் பெரிதும் குறைந்திருக்கிறது.

நம்மிடத்தில் நிலைமை வேறு திசையில் போய்க்கொண்டிருக்கிறது. என் அம்மாவின் கல் அட்டிகையில் ஒரு கொக்கி தேய்ந்திருந்தது. என் பட்டறையில் அப்போது பொன்வேலை செய்ய ஆள் இல்லாததால் ஒரு கடைக்குக் கொண்டுபோனேன். எடை போட்டுப் பார்த்துவிட்டு, 'பழுது பார்ப்பதில்லை. இதைக் கொடுத்துவிட்டுப் புதியது எடுத்துக்கொள்ளுங்கள்' என்றார்கள். எடையும் மாற்றும் அவர்களுக்குக் கணக்கில் வந்தன. ஒவ்வொரு கல்லுக்கும் கட்டிய கூட்டை ஒரு மயிரிழை சாய்த்து, கழுத்தின் வளைவுக்கு ஏற்ப அமைத்திருந்த அந்த ஆசாரியின் கை கணக்கில் வரவில்லை. உருக்கினால் மிஞ்சுவது பொன் மட்டுமே. செய்தவனின் வித்தையைப் படித்தறிய ஒரே ஏடாக இருந்தது அந்த நகை. உலையில் போட்டுவிட்டால் அதன்பின் எதைப் பார்த்துக் கற்பது? நான் அதைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அந்த அட்டிகை நிகழ்ச்சியும் மெம்பிஸ் செய்தியும் சேர்ந்துதான் எங்களை ஒரு சிறு முயற்சிக்குத் தூண்டின. கடந்த ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை, வெள்ளி, பித்தளை, பொன் என்று வெவ்வேறு வேலை செய்யும் ஒன்பது பேர் என் பட்டறைத் திண்ணையில் கூடி, தெருவில் இருப்பவர்கள் கொண்டுவந்த பழுதுகளைப் பார்த்தோம். நான்கு கொலுசுகளும் காது உடைந்த ஒரு காமாட்சி விளக்கும் வந்தன. கழுத்து முறிந்த வெள்ளிப் பன்னீர்ச் செம்பு ஒன்றை முதிய அம்மையார் ஒருவர் முந்தானையில் சுற்றி எடுத்துவந்தார்.

அந்தப் பன்னீர்ச் செம்புதான் எங்கள் பகல் முழுவதையும் எடுத்துக்கொண்டது. ஏற்கெனவே யாரோ அதைக் காரீயப் பற்றால் ஒட்டியிருந்தார்கள். காரீயம் ஒட்டியிருக்கும் வெள்ளியை அப்படியே செஞ்சூட்டுக்குக் கொண்டுபோனால், உருகிய ஈயம் வெள்ளியைக் கரைத்துத் தின்று ஓட்டை ஓட்டையாக்கிவிடும். அதனால் சுரண்டுகத்தியால் கடைசித் துளி ஈயம்வரை எடுத்தாக வேண்டும். நான், பித்தளை வேலை செய்யும் நண்பர், பொன்வேலை பழகும் இருபது வயதுப் பையன் என்று மூவரும் முறைபோட்டுச் சுரண்டினோம். ஈயத்தின் கருஞ்சாம்பல் நிறம் மறைந்து வெள்ளியின் வெண்மை தெரியத் தெரிய, அந்தப் பையன் திடீரென்று கையை நிறுத்தி, 'அண்ணே, உள்ளே இன்னொரு வளையம் இருக்கு' என்றான். உண்மைதான். கழுத்தும் குடமும் சேரும் இடத்தில், வெளியே தெரியாதபடி உள்ளே மெல்லிய வெள்ளித் தகட்டை வளையமாகச் செருகி, பாரம் முழுவதையும் அது தாங்குமாறு முதலில் செய்தவர் அமைத்திருந்தார். பற்று அதன்மேல் காவலுக்குத்தான். முப்பது ஆண்டுகளாகப் பன்னீர்ச் செம்பு செய்கிறேன். எனக்கு இந்த முறை தெரியாது. எங்கள் பட்டறையில் கழுத்தை நேராகப் பற்றவைத்துத்தான் பழக்கம்.

வளையம் ஓரிடத்தில் கிழிந்திருந்ததால் புதிதாக ஒன்று வெட்டிச் செருகினோம். பற்றவைக்கும் நேரம் வந்தபோது பொடி வேண்டுமென்று எழுந்தேன். வழக்கம்போல் உள்ளறைக்குப் போய்க் கூட்டிக்கொண்டு வருவதற்குத்தான் கால் போனது. பிறகு திரும்பி வந்து, வெள்ளியையும் செம்பையும் துத்தநாகத்தையும் எல்லோர் முன்னாலும் தராசில் வைத்தேன். எடைகளைப் பையன் தன் கைப்பேசியில் குறித்துக்கொண்டான். என் வீட்டில் அப்படி நடந்தது அதுதான் முதல் தடவை.

மாலையில் அந்த அம்மையார் வந்து செம்பைக் கையில் வாங்கி, கழுத்தை மெல்ல அசைத்துப் பார்த்தார். 'எந்த இடத்தில் ஒட்டினீங்க தம்பி, தெரியலையே' என்றார். உள்ளே இருக்கும் வளையத்தைப் பற்றிச் சொன்னோம். அது தன் மாமியார் சீராகக் கொண்டுவந்த செம்பு என்றும், அதைச் செய்த ஆசாரி கும்பேசுவரர் கோயில் பக்கத்தில் இருந்ததாகக் கேள்விப்பட்டிருப்பதாகவும் அவர் சொன்னார். இப்போது என் பட்டறையில் செய்யும் பன்னீர்ச் செம்புகளுக்கெல்லாம் உள்வளையம் வைக்கிறோம். வரும் தை மாதத்தில், பொங்கல் கழிந்த முதல் ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் கூடுகிறோம். இந்த முறை ஈயம் பூசத் தெரிந்த பெரியவர் ஒருவரைத் தேடிப் பிடித்துவிட்டோம். துருத்தியும் தன்னிடம் இருக்கிறது என்று சொல்லியிருக்கிறார்.

வணக்கம்.