இரண்டு வருஷ நம்பிக்கையும் எழுபது வருஷ நம்பிக்கையும்

(மலேசியாவின் சுங்கை சிப்புட்டில், சுற்றுவட்டாரத் தோட்டப்புறச் சபையார் கூடிய மாலைக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெரியோர்களே, சகோதர சகோதரிகளே, அனைவருக்கும் ஸ்தோத்திரம்.

எல்பில், டவன்பி, ஹீவூட் என்று எந்தத் தோட்டத்திலிருந்து வந்திருந்தாலும், நம்மில் பலருடைய வீட்டுச் சுவரில் எரேமியா 29-ஆம் அதிகாரம் 11-ஆம் வசனம் தொங்கிக்கொண்டிருக்கும். நம்மேல் ஆண்டவர் கொண்டிருக்கிற நினைவுகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கு ஏதுவானவை என்று சொல்லுகிற வசனம். அதற்கு நேர் மேலே இருக்கிற 10-ஆம் வசனத்தை யாரும் சட்டம் போட்டு மாட்டுவதில்லை. பாபிலோனில் எழுபது வருஷம் நிறைவேறின பின்புதான் உங்களைச் சந்திப்பேன் என்கிறது அது. இன்று நான் பேச வந்தது இந்த இரண்டு வசனங்களையும் சேர்த்து வாசிப்பதைப் பற்றி.

எருசலேமிலிருந்து ராஜாவையும் தச்சரையும் கொல்லரையும் கி.மு. 597-இல் பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சார் பிடித்துக்கொண்டு போனான். அப்படிப் போனவர்களுக்குத் தீர்க்கதரிசி எரேமியா எழுதின கடிதம்தான் 29-ஆம் அதிகாரம். அதன் முதல் கட்டளைகளைப் பாருங்கள்: வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், அதன் கனியைச் சாப்பிடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்து வையுங்கள், நீங்கள் இருக்கிற பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபியுங்கள். கடிதத்தைக் கேட்டவர்களில் நடுவயதைத் தாண்டியவர் எவரும் சொந்த ஊரை மறுபடி பார்க்கப் போவதில்லை. அது அவர்களுக்கும் தெரியும், எழுதினவருக்கும் தெரியும்.

அதே காலத்தில் இன்னொரு பிரசங்கம் எருசலேம் ஆலயத்தில் நடந்தது. அனனியா என்பவன் எழுந்து, இரண்டே வருஷத்தில் எல்லாரும் திரும்பி வருவார்கள் என்றான். எரேமியா கோபப்படவில்லை. "ஆமென், கர்த்தர் அப்படியே செய்வாராக" என்றுதான் முதலில் சொன்னார். அவருக்கும் அப்படி நடந்தால் நல்லதுதானே! ஆனால் கர்த்தர் அதைச் சொல்லவில்லை. அனனியாவோ, பாபிலோனுக்கு அடங்கியிருப்பதன் அடையாளமாக எரேமியா கழுத்தில் போட்டிருந்த மரநுகத்தைப் பிடுங்கி, ஜனங்களின் கண்முன் உடைத்தான். அனனியா அந்த வருஷமே, ஏழாம் மாதத்தில் செத்துப்போனான் என்று 28-ஆம் அதிகாரம் முடிகிறது.

இரண்டு வருஷ நம்பிக்கையில் என்ன கெடுதல்? அதை நம்புகிறவன் தோட்டம் போடமாட்டான். எப்படியும் போய்விடுவோமே, மண்ணைக் கொத்துவானேன் என்று மூட்டையைக் கட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். மூன்றாம் வருஷம் பிறக்கும்போது அவனிடம் தோட்டமும் இருக்காது, விசுவாசமும் இருக்காது. இன்றைக்கும் இந்த மாதத்துக்குள் கடன் தீரும், இந்த வாரத்துக்குள் வியாதி போகும் என்று நாள் குறித்துச் சொல்லுகிற குரல்கள் உண்டு. நாள் தவறினால் பழி யார்மேல் விழுகிறது? உனக்கு விசுவாசம் போதாது என்று, ஏற்கெனவே நொந்து கிடக்கிற மனுஷன்மேல்தான். மருந்துக் கடனோடு இந்தக் குற்ற உணர்வையும் சுமந்துகொண்டு எத்தனை பேர் சபைக்கு வருவதையே நிறுத்திவிட்டார்கள்! இதைச் சொல்லும்போது எனக்கு மனம் பதைக்கிறது. கர்த்தர் சொல்லாத தேதியை அவர் பெயரால் சொல்ல யாருக்கும் உரிமை கிடையாது.

பவுல் தம்முடைய கடிதத்தில் உள்ளான மனுஷன் "நாளுக்குநாள் புதிதாக்கப்படுகிறது" என்கிறார், 2 கொரிந்தியர் 4:16. பால்மரம் வெட்டின, அதாவது ரப்பர் மரத்தில் பாலெடுக்கப் பட்டை சீவின கைகள் இங்கே நிறைய இருக்கின்றன. உங்களுக்கு இது தெரியும். வெட்டின இடத்தில் புதுப்பட்டை வளர்ந்து, மறுபடி வெட்டும் அளவுக்குத் தடிக்கப் பல வருஷம் ஆகும். அவசரப்பட்டு உளியை ஆழமாக இறக்கினால், மரத்தில் காயம்பட்டு, புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வரும். ஆத்துமா புதிதாவதற்கும் அதற்கான காலம் வேண்டும். மூன்று நாள் எழுப்புதல் கூட்டத்தில் கண்ணீர் வருவது நல்லதுதான். நான்காம் நாள் விடியற்காலை பெரட்டுக்கு (வேலைக்கு ஆள் கணக்கெடுக்கிற இடத்துக்கு) போகிற மனுஷனுக்கு எது மிஞ்சுகிறது என்பதுதான் கேள்வி.

சரி, என்ன செய்வது? முதலில் துக்கத்தை உள்ளபடி சொல்லக் கற்றுக்கொள்ள வேண்டும். எரேமியாவின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படுகிற புலம்பல் புத்தகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கி.மு. 586-இல் எருசலேம் எரிந்த பின் எழுந்த அழுகை அது. ஐந்து அதிகாரம். ஒன்று, இரண்டு, நான்கு, ஐந்து ஆகிய அதிகாரங்களில் 22 வசனங்கள். மூன்றாம் அதிகாரத்தில் மட்டும் 66. ஏன் 22? எபிரெய மொழிக்கு எழுத்து 22. முதல் நான்கு அதிகாரங்களும் அந்த எழுத்து வரிசையிலேயே ஓடுகின்றன. மூன்றாம் அதிகாரத்தில் ஒரு எழுத்துக்கு மூன்று வசனம். ஐந்தாம் அதிகாரத்தில் 22 வசனங்கள் இருக்கின்றன, வரிசை இல்லை. வாய்விட்டு அழுகிற அழுகைக்கும் ஓர் ஒழுங்கு, ஒரு கரை இருக்கிறது. முதல் எழுத்தில் தொடங்கிக் கடைசி எழுத்து வரைக்கும் எல்லாவற்றையும் சொல்லலாம். சொல்லி முடித்ததும் நிறுத்தலாம்.

ஒப்பாரி வைத்து அழுத பாட்டிமார் வளர்த்த நமக்கு இது அந்நியமில்லை. ஆனால் கோயிலுக்குள் வந்ததும் சிரித்த முகத்தோடுதான் நிற்க வேண்டும் என்று எப்படியோ பழகிவிட்டோம். சங்கீதப் புத்தகத்தில் உள்ள 150 சங்கீதங்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் முறையீடுகள். 88-ஆம் சங்கீதம் இருளிலேயே முடிகிறது, கடைசி வரியில்கூட விடிவு இல்லை. அதையும் வேதத்தில் வைத்திருக்கிறார் கர்த்தர்.

நீங்கள் வீட்டில் செய்யக்கூடிய ஒரு பயிற்சி சொல்கிறேன். பள்ளிக்கூடப் பிள்ளைகளின் நோட்டுப் புத்தகம் ஒன்று போதும். நம்முடைய உயிரெழுத்து 12. அ முதல் ஔ வரை, ஓர் எழுத்துக்கு ஒரு வரி, ஆண்டவரைப் பார்த்து எழுதுங்கள். அம்மாவின் கட்டில் காலியாகக் கிடக்கிறது, ஆண்டவரே. ஆறு மாதமாக மகன் பேசவில்லை. இரவில் தூக்கம் வரவில்லை. ஈடு வைத்த சங்கிலியை இன்னும் மீட்கவில்லை. உம்மிடம் கேட்டுக் கேட்டு வாய் ஓய்ந்துபோனது. இப்படியே போகட்டும். கால் மணி நேரம் பிடிக்கும். ஔ வரவில்லையா, விட்டுவிடுங்கள்.

இதில் வழக்கமாக மூன்று தவறுகள் நடக்கும். அழகாக எழுத முயல்வது ஒன்று. பொய் நுழைகிற வாசல் அதுதான். இரண்டாவது, மூன்றாம் வரியிலேயே "ஆனாலும் ஸ்தோத்திரம்" என்று மூடிவிடுவது. காயத்தைக் கழுவாமல் துணி சுற்றினால் உள்ளே சீழ் பிடிக்கும். மூன்றாவது, தினமும் எழுதுவது. வேண்டாம், வாரம் ஒரு முறை போதும். தினம் எழுதினால் துக்கத்தையே வளர்க்கிற பழக்கமாகிவிடும். மற்ற நாள்களில் 13-ஆம் சங்கீதத்தைச் சத்தமாக வாசியுங்கள், ஆறே வசனம். முதல் இரண்டில் முறையீடு, அடுத்த இரண்டில் கோரிக்கை, கடைசி இரண்டில் நம்பிக்கை. அந்த வரிசையை மாற்றாமல், அதே மூன்று படியில் உங்கள் சொந்த வார்த்தையில் ஜெபியுங்கள். விடியுமுன் வேலைக்குப் போகிறவர்கள் காலையில் நேரம் தேடி அல்லாட வேண்டியதில்லை. வேலை முடிந்து குளித்த பிறகு உட்காரலாம். நேரத்தை நாளுக்கு நாள் மாற்றாமல் இருந்தால் சரி.

புலம்பலில் நமக்கு மனப்பாடமான பகுதி 3:22, 23. அவருடைய இரக்கங்கள் "காலைதோறும் புதியவைகள்". இதை எத்தனையோ பாட்டில் பாடியிருக்கிறோம். ஆனால் அந்த வசனத்துக்குப் பிறகு புத்தகத்தில் இன்னும் 87 வசனங்கள் இருக்கின்றன, அவற்றில் பெரும்பகுதி மறுபடியும் அழுகை. புத்தகம் முடிகிற இடத்தில், "எங்கள் நாட்களைப் புதியவைகளாக்கும்" என்று ஒரு வேண்டுதல். அடுத்த வசனத்தில், எங்களை முற்றிலும் வெறுத்துவிடுவீரோ என்கிற பயம். நம்பிக்கை வந்துவிட்டது, ஆனாலும் அழுகை நிற்கவில்லையே, நான் பின்மாற்றக்காரனோ என்று கலங்குகிறவர்கள் இதை நினைத்துக்கொள்ளுங்கள். கிருபையைக் கண்டவரும் அதற்குப் பிறகு அழலாம்.

இனி கைவேலை. எரேமியா 32-ஆம் அதிகாரம். பாபிலோன் சேனை எருசலேமை வளைத்திருக்கிறது. எரேமியாவோ காவல் வீட்டு முற்றத்தில் கைதி. தகப்பனுடைய சகோதரனின் மகன் வந்து, ஆனதோத்தில் இருக்கிற என் நிலத்தை வாங்கிக்கொள் என்கிறான். ஆனதோத் எருசலேமுக்கு வடக்கே சில கிலோமீட்டரில் இருக்கிற கிராமம். சுற்றியுள்ள நாடே எதிரியின் கையில். எரேமியா வாங்கினார். 17 சேக்கல் வெள்ளியைத் தராசில் நிறுத்துக் கொடுத்தார். ஒரு சேக்கல் ஏறக்குறைய 11 கிராம், ஆகவே 190 கிராம் அளவு வெள்ளி. சாட்சி வைத்தார், கையெழுத்துப் போட்டார். முத்திரை போட்ட பத்திரம் ஒன்று, திறந்த பத்திரம் ஒன்று. இரண்டையும் தம் எழுத்தராகிய பாருக்கிடம் கொடுத்து, அநேக நாள் இருக்கும்படி மண்பாண்டத்தில் வைக்கச் சொன்னார். இந்த தேசத்தில் மறுபடியும் வீடும் நிலமும் திராட்சத்தோட்டமும் வாங்கப்படும் என்று கர்த்தர் சொன்னதற்கு அதுவே அடையாளம்.

எனக்கு இந்த அதிகாரத்தில் மிகவும் பிடித்தது அதற்கு அடுத்த பகுதி. பத்திரம் முடிந்த பிறகுதான் எரேமியா ஜெபிக்கிறார், அந்த ஜெபம் 25-ஆம் வசனத்தில் குழப்பத்தில் வந்து நிற்கிறது: நகரமே பகைவன் கையில் போகிறதே, நீர் நிலத்தை வாங்கு என்கிறீரே! சந்தேகம் தீர்ந்த பிறகு கையெழுத்துப் போடலாம் என்று அவர் காத்திருக்கவில்லை. கையெழுத்தை முதலில் போட்டார், சந்தேகத்தைப் பிறகு கர்த்தரிடமே கொண்டுபோனார்.

நம் ஊரில் ஆனதோத் நிலம் எது? தோட்டம் விற்கப்பட்டு, லயத்து வரிசை வீட்டைக் காலி செய்து, அடுக்குமாடி வீட்டுக்கு வந்த குடும்பங்கள் இங்கே உண்டு. பிறப்புப் பத்திரமோ அடையாள அட்டையோ சரியாக இல்லாத பிள்ளைக்காக, நாலு முறை திருப்பி அனுப்பப்பட்ட பின்னும் ஐந்தாம் முறை பதிவு இலாகாவில் வரிசையில் நிற்பது நம்பிக்கையின் செயல். அடகுக் கடையிலிருக்கிற நகைக்கு மாதம் ஐம்பது வெள்ளி (ரிங்கிட்) ஒதுக்குவது, குடியை விட்ட கணவனுக்கு மாலை ஆறு மணிக்கு வேறு ஒரு வேலை ஏற்படுத்திக் கொடுப்பது, பலன் கொடுக்க வருஷங்கள் ஆகும் மாங்கன்றை நட்டு வைப்பது, இவையும் அப்படித்தான். வாரத்துக்கு ஒன்றே ஒன்று. பலன் இந்த வாரத்தில் தெரியாததாக இருக்க வேண்டும். யாராவது ஒருவர் சாட்சியாக அறிந்திருக்க வேண்டும். ஒரே நாளில் பத்துத் தீர்மானம் எடுக்கிறவர் பெரும்பாலும் அடுத்த மாதம் ஒன்றையும் செய்வதில்லை. டிசம்பர் 31 இரவு ஆராதனைக்குப் பிறகு நடப்பது நமக்குத் தெரியும்.

இவ்வளவும் சொல்லிவிட்டு இயேசுவைச் சொல்லாமல் போனால், இது வெறும் மனோதிடப் பாடமாகிவிடும். லூக்கா 24. சிலுவைக்குப் பின் எம்மாவு என்னும் ஊருக்குப் போகிற சீஷர் இருவர், அறுபது ஸ்தாதி, அதாவது ஏறக்குறைய 11 கிலோமீட்டர் நடை. "நம்பியிருந்தோம்" என்கிறார்கள், நம்பிக்கை போய்விட்ட குரலில். அவர்கள் அடையாளம் அறியாமல் கூட நடக்கிற ஆண்டவர் எல்லாம் அறிந்தவர், ஆனாலும் "எவைகள்?" என்று கேட்டு, முழுவதையும் அவர்கள் வாயால் சொல்ல விடுகிறார். அதன் பிறகே வேதத்தை விளக்குகிறார். அப்பம் பிட்கும்போதுதான் கண் திறக்கிறது. திறந்ததும் அவர்கள் அங்கே தங்கவில்லை. அந்நேரமே எழுந்து, இருட்டில், எருசலேமிலிருந்த மற்றவர்களிடம் திரும்பிப் போனார்கள். சிலுவையில் மரித்தவர் மெய்யாகவே எழுந்தார் என்பதால்தான் பேதுரு இதை "ஜீவனுள்ள நம்பிக்கை" என்கிறார். எரேமியா திரும்பி வருகிறவர்களைப் பார்க்கவில்லை, அவரை எகிப்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். நம்முடைய ஆண்டவரோ கல்லறைக்கு அந்தப் பக்கத்திலிருந்து நம்மிடம் வந்திருக்கிறார். எழுபது வருஷம் காத்திருக்க நமக்குத் தைரியம் கிடைப்பது அங்கிருந்துதான்.

திரும்பிப் போனார்கள் என்றேன். ஆகையால் கூட்டு ஜெபம் பற்றி இரண்டு வார்த்தை. ஆறு முதல் எட்டுப் பேர், ஒரு மணி நேரம், பலகாரம் கட்டாயமில்லை. பலகாரம் செய்ய வசதியில்லாத வீட்டுக்காரர் அழைக்கவே கூச்சப்படுவார். வேதவாசிப்புக்குப் பத்து நிமிஷம். ஒருவர் தம் பாரத்தைச் சொன்னால் மற்றவர்கள் உடனே ஆலோசனை சொல்லக் கூடாது. யோபுவின் சிநேகிதர் ஏழு நாள் இரவும் பகலும் பேசாமல் தரையில் உட்கார்ந்திருந்தபோது சரியாகத்தான் இருந்தார்கள், வாயைத் திறந்த பிறகுதான் கெட்டது. அங்கே கேட்டதை அடுத்த வீட்டில் ஜெபக் குறிப்பு என்ற பெயரில் சொல்வது புறங்கூறுதல். ஒரு முறை நடந்தாலும் கூட்டம் செத்துவிடும்.

இன்னொன்று கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் பசியும் போய், எதிலும் மனம் ஒட்டாமல் ஒருவர் இருந்தால், அரசாங்கச் சுகாதார நிலையமான கிளினிக் கெசிஹாத்தானுக்குக் கூட்டிப் போங்கள். சாக வேண்டும் என்று சொன்னால் அன்றைக்கே போங்கள், தனியாக விடாதீர்கள். மனம் நொந்தவர்கள் பேசக் காதுகொடுக்கிற கோலாலம்பூர் பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பின் எண் 03-7627 2929, இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம். மாத்திரை சாப்பிடுவது விசுவாசக் குறைவு அல்ல. சாக வேண்டும் என்று சூரைச்செடியின்கீழ் படுத்த எலியாவுக்குக் கர்த்தர் முதலில் அனுப்பினது பிரசங்கம் அல்ல, சுட்ட அடையும் தண்ணீரும் தூக்கமும்.

புலம்பலை வரும் வாரம் ஐந்து மாலைகளில் வாசிப்போம், மாலைக்கு ஓர் அதிகாரம். மூன்றாவதுக்கு மட்டும் கூடுதல் நேரம் வைத்துக்கொள்ளுங்கள். கத்தோலிக்கரும் லுத்தரனும் மெதடிஸ்டும் கலந்து உட்காரலாம், மொழிபெயர்ப்பு வேறானாலும் அதிகாரமும் வசன எண்ணும் ஒன்றுதான். எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்கள் வீட்டில் இருந்தால், அவர்கள் சொல்லச் சொல்லப் பேரப்பிள்ளை அந்தப் பன்னிரண்டு வரியையும் எழுதட்டும். பிள்ளை திருத்தக் கூடாது, பாட்டி சொன்னதைச் சொன்னபடியே எழுத வேண்டும்.