மஞ்சளைச் சரிசெய்த பிறகு கேமரா

நேயர்களுக்கு வணக்கம்.

சிக்னல் சந்திப்புகளில் நடக்கும் விபத்துகளில் என்னை மிகவும் அச்சப்படுத்துவது பக்கவாட்டு மோதல்தான். பச்சை விழுந்துவிட்டதே என்று ஒருவர் நம்பிக் கிளம்புகிறார். குறுக்குச் சாலையில் சிவப்பு விழுந்தும் நிற்காத வண்டி ஒன்று, அவர் உட்கார்ந்திருக்கும் பக்கத்திலேயே வந்து இடிக்கிறது. நேருக்கு நேர் மோதினால் அடியை வாங்கிக்கொள்ள முன்னால் எஞ்சின் பகுதி இருக்கிறது. பக்கத்தில் இருப்பதோ ஒரு கதவு. இரு சக்கர வண்டியில் வருபவருக்கும் சாலையைக் கடக்கும் பாதசாரிக்கும் அதுவும் கிடையாது. அமெரிக்கக் கணக்குப்படி, சிவப்பை மீறியதால் நேரும் விபத்துகளில் இறப்பவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் எந்தத் தவறும் செய்யாதவர்கள். அவர்களுக்காகத்தான், சிவப்பை மீறும் வண்டியைப் படம் பிடிக்கும் சிவப்பு விளக்குக் கேமராவை ஆதரிக்கிறேன். ஆனால் ஒரு நிபந்தனையோடு. அதைப் பிறகு சொல்கிறேன்.

இந்தக் கேமரா புதிய கருவி அல்ல. நெதர்லாந்தைச் சேர்ந்த மாரிஸ் காட்சோனிடஸ் என்ற கார் பந்தய வீரர், 1953இல் மாண்டே கார்லோ பந்தயத்தை வென்றவர். வளைவுகளில் தன் வேகத்தைத் துல்லியமாக அளந்து, இன்னும் வேகமாக ஓட்டுவதற்காக அவர் ஒரு கருவியை உருவாக்கினார். அதிலிருந்து வளர்ந்த அவருடைய நிறுவனம்தான் 1960களில் சிவப்பு விளக்குக் கேமராவையும் கொண்டுவந்தது. வேகத்தைக் கூட்டப் பிறந்த கருவி வேகத்தைக் கட்டுப்படுத்தப் போய்ச் சேர்ந்தது!

சரி, அது எப்படி வேலை செய்கிறது? பல இடங்களில் நிறுத்தக் கோட்டை ஒட்டிச் சாலைக்கு அடியில் கம்பிச் சுருள் புதைத்திருப்பார்கள். சில இடங்களில் ரேடார் இருக்கும். சிவப்பு விழுந்த பிறகு ஒரு வண்டி அந்த இடத்தைக் கடந்தால்தான் கேமரா விழிக்கும். பெரும்பாலும் இரண்டு படங்கள் எடுக்கும். முதல் படத்தில் வண்டி இன்னும் கோட்டைத் தாண்டியிருக்காது, விளக்கு சிவப்பாக இருக்கும். இரண்டாவதில் அதே வண்டி சந்திப்பின் நடுவே இருக்கும். மஞ்சள் இருக்கும்போதே கோட்டைத் தாண்டி, நடுவில் போகையில் சிவப்பு விழுந்துவிட்டால் அது மீறல் ஆகாது. "நடுவில் மாட்டிக்கொண்டேன், அபராதம் வருமா?" என்று பலர் பயப்படுகிறார்கள். முறையாக அமைத்த கேமராவில் வராது.

இதனால் பலன் உண்டா? அமெரிக்க அரசின் நெடுஞ்சாலை நிர்வாகம் 2005இல் ஏழு பகுதிகளின் விவரங்களை எடுத்துப் பார்த்தது. கேமரா வைத்த சந்திப்புகளில் பக்கவாட்டு மோதல்கள் ஏறக்குறைய 25 விழுக்காடு குறைந்திருந்தன. பின்பக்கம் இடிக்கும் விபத்துகள் ஏறக்குறைய 15 விழுக்காடு கூடியிருந்தன. முன்னால் போகிறவர் திடீரென்று நிற்பார், பின்னால் வருகிறவர் இடித்துவிடுவார். இதை மூடி மறைக்கக் கூடாது. ஹூஸ்டன் நகரில் 2010இல் மக்களே வாக்களித்துக் கேமராக்களை நிறுத்தினார்கள். அதை ஆராய்ந்த பொருளியலாளர்கள், கேமராவால் மொத்த விபத்துகள் குறைந்ததற்குச் சான்று இல்லை என்றார்கள். இன்னொரு பக்கம், கேமராக்களை நிறுத்திய பல நகரங்களை 2016இல் ஆராய்ந்த, அங்குள்ள காப்பீட்டு நிறுவனங்களின் ஆதரவில் இயங்கும் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம், அங்கே சிவப்பை மீறியதால் நேர்ந்த உயிரிழப்பு விபத்துகளின் விகிதம், கேமரா தொடர்ந்திருந்தால் இருந்திருக்கக் கூடியதைவிட 30 விழுக்காடு அதிகம் என்றது. ஒன்று எல்லா விபத்துகளையும் எண்ணுகிறது, மற்றது உயிர் போனவற்றை எண்ணுகிறது. பம்பர் நசுங்குவதையும் ஒருவர் சாவதையும் ஒரே தட்டில் வைக்க என்னால் முடியாது. அதே நேரம் கேமராவை எங்கு வேண்டுமானாலும் நட்டுவைக்கலாம் என்றும் சொல்ல மாட்டேன். பக்கவாட்டு மோதல்கள் அடிக்கடி நடக்கும் சந்திப்புதான் அதற்கு உரிய இடம்.

இப்போது அந்த நிபந்தனை. முதலில் மஞ்சள் விளக்கின் நேரம் சரியாக இருக்க வேண்டும்.

மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி ஒரு வினாடியில் ஏறக்குறைய 17 மீட்டர் ஓடிவிடும். மஞ்சளைப் பார்த்துச் சுதாரிக்க ஒரு வினாடி, அப்புறம் பதறாமல் பிரேக் பிடித்து நிற்க இன்னும் கொஞ்ச தூரம். கூட்டினால் 60 மீட்டருக்குச் சற்று மேலே வரும். மஞ்சள் 3 வினாடிதான் எரிகிறது என்று வையுங்கள். அதற்குள் வண்டி 50 மீட்டர்தான் போகும். மஞ்சள் விழும்போது கோட்டுக்கு 55 மீட்டரில் இருப்பவர் என்ன செய்வார்? நிதானமாக நிற்கவும் முடியாது, சிவப்பு விழுமுன் கோட்டைத் தொடவும் முடியாது. எவ்வளவு ஒழுங்கானவரும் அங்கே மீறியே ஆக வேண்டும். மஞ்சளை 4 வினாடி ஆக்கினால் இந்தச் சிக்கல் தீர்ந்துவிடும். அந்த ஒரு வினாடியைக் கொடுக்காமல் கேமரா வைப்பது அநியாயம்.

பிலடெல்பியாவில் இதைச் செய்துபார்த்திருக்கிறார்கள். முதலில் மஞ்சளை ஏறக்குறைய ஒரு வினாடி நீட்டினார்கள். மீறல்கள் 36 விழுக்காடு குறைந்தன. அதன் பிறகு கேமரா வைத்தார்கள். மிச்சம் இருந்த மீறல்களில் 96 விழுக்காடு போய்விட்டன. பொறியாளரின் பிழையால் நடந்த மீறல்களை மஞ்சள் சரிசெய்தது. வேண்டுமென்றே நடந்தவற்றைக் கேமரா நிறுத்தியது. 2007இல் வெளியான இந்த ஆய்வைத்தான் கேமரா கேட்டு வரும் அதிகாரிகளுக்கு முதலில் காட்டுவேன்.

பணத்தைப் பற்றியும் பேச வேண்டும். எத்தனை அபராதம் போட்டோமோ அதற்கேற்பக் கூலி என்று கேமரா நிறுவனத்தோடு ஒப்பந்தம் போடவே கூடாது. மீறல் குறையக் குறைய அவர்கள் வருமானம் குறையும் என்றால், மஞ்சளை நீட்ட யார் முன்வருவார்? மாத வாடகை என்று பேசி முடிப்பதே நல்லது. சந்திப்புக்கு முன்னால் "இங்கே கேமரா உண்டு" என்று பெரிய எழுத்தில் பலகை வைக்க வேண்டும். மக்களைப் பிடிக்க அல்ல, நிறுத்தத்தானே வைக்கிறோம்?

உங்கள் பெயருக்கு அபராத அறிவிப்பு வந்தால், பணம் கட்டுமுன் அந்த இரண்டு படங்களையும் கேட்டுப் பாருங்கள். முதல் படத்தில் சக்கரம் இன்னும் கோட்டைத் தாண்டாமல் இருக்கிறதா, அப்போது விளக்கு சிவப்பாக இருக்கிறதா என்று கவனியுங்கள். சிவப்பு விழுந்து எத்தனை வினாடி ஆயிற்று என்பதும், மஞ்சள் எத்தனை வினாடி எரிந்தது என்பதும் பல கருவிகளில் படத்திலேயே பதிவாகியிருக்கும். மஞ்சள் நேரம் அந்தச் சாலையின் வேகத்துக்குக் குறைவாகத் தெரிந்தால் எழுத்து மூலம் மேல்முறையீடு செய்யுங்கள். உங்களுக்கு அடுத்து அந்தச் சந்திப்புக்கு வருபவருக்கும் அது உதவும்.

நன்றி, வணக்கம்.