பட்ட துயரா, படைத்த கலையா? பெஸ்ஸி ஸ்மித்துக்காக ஒரு வாதம்

நடுவர் அவர்களுக்கும், எதிரணி நண்பர்களுக்கும், அவை நிறைந்திருக்கும் இசை அன்பர்களுக்கும் என் வணக்கம்.

அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசையான ப்ளூஸின் பேரரசி பெஸ்ஸி ஸ்மித்தை நாம் நினைக்க வேண்டியது அவர் பட்ட துயரத்துக்காகவா, படைத்த கலைக்காகவா என்பது இன்றைய கேள்வி. எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர் 1937 செப்டம்பரில் மிசிசிப்பியில் நடந்த கார் விபத்தை உருக்கமாகச் சொன்னார். வெள்ளையர் மருத்துவமனை அவரைச் சேர்த்துக்கொள்ள மறுத்ததாகவும், ரத்தம் வடிந்தே அவர் இறந்ததாகவும் சொன்னார். அவையில் பலர் கண் கலங்கினார்கள். நடுவர் அவர்களே, அது அப்படி நடக்கவில்லை.

அந்த வழியாக வந்த ஹியூ ஸ்மித் என்ற மருத்துவர் சாலையோரத்திலேயே முதலுதவி செய்தார். பெஸ்ஸியின் வலக்கை முழங்கையருகே ஏறக்குறையத் துண்டாகியிருந்தது. ஆம்புலன்ஸ் அவரைக் கிளார்க்ஸ்டேல் நகரின் கறுப்பினத்தவர் மருத்துவமனைக்குக் கொண்டுபோனது. உயிர் பிரிந்தது அங்கேதான். வெள்ளையர் மருத்துவமனை திருப்பி அனுப்பியது என்ற கதையை இசை இதழ் ஒன்றில் எழுதிப் பரப்பியவர் ஜான் ஹாமண்ட். 1933இல் பெஸ்ஸியின் கடைசி ஒலிப்பதிவை நடத்திய தயாரிப்பாளரும் அவரே. கேள்விப்பட்டதைத்தான் அவர் எழுதினார்.

அப்படியானால் நிறவெறி இல்லையா? இருந்தது. கறுப்பினப் பெண்ணை வெள்ளையர் மருத்துவமனைக்குக் கொண்டுபோகலாம் என்ற எண்ணமே ஆம்புலன்ஸ் ஓட்டுநருக்கு எழாத ஊர் அது. அந்த அநீதியை ஒரு கடுகளவும் குறைத்துச் சொல்ல நான் வரவில்லை. ஏறத்தாழ 160 பாடல்களைப் பதிவு செய்த ஒரு கலைஞரின் பெயரைச் சொன்னதும், அவர் இறந்த விதம்தான் முதலில் நம் வாயில் வருகிறதே, அதுதான் என் ஆதங்கம்.

‘பட்ட பாடுதான் பாட்டாயிற்று’ என்றார்கள் எதிரணியினர். அந்தக் காலத்தில் துயரப்பட்ட கறுப்பினப் பெண்கள் லட்சக்கணக்கில் இருந்தார்கள். அத்தனை பேருமா பெஸ்ஸி ஸ்மித் ஆனார்கள்? சட்டனூகா நகரத் தெருவில் அண்ணன் கிடார் வாசிக்கக் காசுக்குப் பாடிய சிறுமி அவர். 1912இல் ஊர் ஊராகப் போகும் ஒரு கலைக்குழுவில் அவரைச் சேர்த்துக்கொண்டது நடனத்துக்காக. பாடுவதற்கு அங்கே மூத்த ப்ளூஸ் பாடகி மா ரெய்னி இருந்தார். அதன்பின் 11 ஆண்டுகள், ஒலிபெருக்கி இல்லாத கூடாரங்களிலும் கொட்டகைகளிலும், கடைசி வரிசைவரை கேட்கும்படி பாடிப் பாடிக் குரலை வளர்த்தார். 1923இல் கொலம்பியா நிறுவனம் வெளியிட்ட அவருடைய முதல் இசைத்தட்டு, ‘டவுன்ஹார்ட்டட் ப்ளூஸ்’, சில மாதங்களிலேயே லட்சக்கணக்கில் விற்றது. அந்தப் பாட்டை இயற்றியவர்களும் ஆல்பர்ட்டா ஹண்டர், லவி ஆஸ்டின் என்ற இரண்டு கறுப்பினப் பெண்கள்தாம்.

1925இல் அவர் பதிவு செய்த ‘செயின்ட் லூயிஸ் ப்ளூஸ்’ பாடலை ஒருமுறை பொறுமையாகக் கேளுங்கள் நடுவர் அவர்களே. துணைக்கு இரண்டே இரண்டு கருவிகள். ஆர்மோனியம் அடியில் மெதுவாக இழைந்துகொண்டே இருக்கிறது. மேலே ஜாஸ் இசைக்கலைஞர் லூயிஸ் ஆம்ஸ்ட்ராங்கின் கார்னெட், அதாவது டிரம்பெட் போன்ற ஊதுகருவி. பெஸ்ஸி ஒரு வரியை இழுத்து, வளைத்து, முடித்து நிறுத்துகிறார். அந்த இடைவெளியில் கார்னெட் பதில் சொல்கிறது. மீண்டும் அவர் தொடங்குகிறார். அவசரமே இல்லை. சில சுரங்களுக்குள்ளேயே சுற்றி வந்து, எந்தச் சொல்லில் அழுத்த வேண்டும், எந்தச் சொல்லைக் காற்றில் விட வேண்டும் என்று கணக்காகப் பாடுகிறார். ஆம்ஸ்ட்ராங் போன்ற மேதையே அவர் விட்ட இடத்தில்தான் வாசிக்கிறார். இதை வெறும் அழுகை என்று யாராவது சொல்ல முடியுமா?

இன்னொன்று. 1927 பிப்ரவரியில் வெள்ளத்தைப் பற்றி அவரே எழுதிப் பாடிய பாடல் ‘பேக்வாட்டர் ப்ளூஸ்’. ஓயாத மழை, படகேறித் தப்பிக்கும் பெண், குன்றின் மேல் நின்று தன் வீட்டைத் திரும்பிப் பார்ப்பது என்று காட்சி காட்சியாகப் போகும் பாட்டு. அடுத்த சில வாரங்களில் மிசிசிப்பி ஆறு பெருக்கெடுத்து ஊர்களை மூழ்கடித்தது. வீடு இழந்த மக்கள் அதைத் தங்கள் பாட்டாகவே எடுத்துக்கொண்டார்கள். மறு ஆண்டு ‘புவர் மேன்ஸ் ப்ளூஸ்’ பாடலில், போரில் சண்டையிட்ட ஏழையின் நிலையைப் பார் என்று பணக்காரனிடம் நேருக்கு நேர் பேசினார். ஊரார் வலியைத் தன் வலிபோலப் பாட முடிந்ததால்தான் நாம் அவரைக் கலைஞர் என்கிறோம்.

அவர் பெயரால் பிறர் சம்பாதித்தார்கள், உண்மை. பாட்டுக்கு இவ்வளவு என்று மொத்தத் தொகை கொடுத்தார்களே தவிர, விற்பனையில் பங்கு தரவில்லை. கல்லறைக்கு 33 ஆண்டுகள் பெயர்க்கல்கூட இல்லை. 1970இல் அதை வைத்தது யார்? அவர் குரலைக் கேட்டு வளர்ந்த பாடகி ஜானிஸ் ஜோப்ளினும், சிறுமியாக இருந்தபோது பெஸ்ஸியின் வீட்டில் வேலை செய்த ஹுவானிட்டா கிரீனும். உலகின் மாபெரும் ப்ளூஸ் பாடகி பாடுவதை ஒருபோதும் நிறுத்தமாட்டார் என்றுதான் அதில் பொறித்தார்கள். விபத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை.

கடைசியாக ஒரு சம்பவம். 1927 ஜூலை, வட கரோலினாவில் கான்கார்டு என்ற ஊர். கூடாரத்தில் நிகழ்ச்சி நடந்துகொண்டிருக்கிறது. வெளியே கு கிளக்ஸ் கிளான் என்ற வெள்ளை நிறவெறிக் கும்பலின் ஆட்கள் முகமூடி அங்கியோடு வந்து கூடாரத்தின் முளைகளைப் பிடுங்குகிறார்கள். உடன் வந்த ஆண்கள் ஓடிவிட்டார்கள். பெஸ்ஸி தனியாக அவர்கள் முன்னால் போய் நின்றார், முஷ்டியை உயர்த்தினார், வாய்க்கு வந்தபடி திட்டினார். அவர்கள் கலைந்து இருட்டில் மறையும்வரை இடத்தைவிட்டு நகரவில்லை. பிறகு உள்ளே போய், ஒன்றுமே நடக்காததுபோல நிகழ்ச்சியைத் தொடர்ந்தார்.

தீர்ப்பை எங்கள் அணிக்கே வழங்குமாறு நடுவர் அவர்களை வேண்டி அமர்கிறேன். நன்றி, வணக்கம்.