மாநிறத்துக்கு எத்தனை வெளிச்சம்?

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

நிச்சயதார்த்தப் படம் என்றதும் பெரியவர்களின் நினைவுக்கு வருவது தட்டு மாற்றும் காட்சிதான். நான் பேச வந்தது அதைப் பற்றியல்ல. மணமக்களாகப் போகும் இருவரை மட்டும் தனியே வெளியே அழைத்துப்போய் எடுக்கும் படங்களைப் பற்றி. நம் சிங்கப்பூரில் நிச்சயத்துக்கு முன்பே பிடிஓ வீட்டுக்கு, அதாவது தேவைக்கேற்பக் கட்டித்தரப்படும் அரசாங்க அடுக்குமாடி வீட்டுக்கு, விண்ணப்பித்துவிடுகிறார்கள். வரவேற்பறைக்கு என்ன வண்ணம் பூசுவது என்று சண்டையும் போட்டு முடித்திருப்பார்கள். அப்படிப்பட்டவர்கள் கேமராவைக் கண்டதும் அடையாள அட்டைக்கு நிற்பதைப்போல் விறைத்துக்கொள்வதுதான் வேடிக்கை.

ஏப்ரல் மாதத்தில் என்னிடம் படம் எடுத்துக்கொள்ள ஒரு ஜோடி வந்தது. பெண் தாதி, பையன் துறைமுகத்தில் வேலை. இருவரை மட்டும் என்று சொன்னேன் அல்லவா? பெண்ணின் அம்மாவும் வந்தார்.

பூமலையில், அதாவது நம் தாவரவியல் தோட்டத்தில், பகல் ஒரு மணிக்குத் தொடங்கலாம் என்றார்கள். நான் ஒப்புக்கொள்ளவில்லை. 1982 முதல் நம் கடிகாரம் கூடுதலாக அரை மணி நேரம் முன்னே ஓடுகிறது. அதனால் சூரியன் உச்சிக்கு வருவது பன்னிரண்டு மணிக்கல்ல, ஏறத்தாழ ஒரு மணிக்கு. அந்நேரத்தில் புருவ நிழல் கண்ணை மூடிவிடும். மூக்கின் நிழல் உதட்டில் விழும். மாலையிலும் நமக்குத் தாராளம் இல்லை. நிலநடுக்கோட்டை ஒட்டிய ஊர் என்பதால் சூரியன் சாய்ந்து நகராமல் ஏறக்குறைய நேராக இறங்குகிறது. ஆண்டு முழுவதும் ஏழு மணியை ஒட்டித்தான் மறைவு. அதற்கு முந்தைய நாற்பது நிமிடம்தான் எங்களுக்குப் பொன்னான நேரம். ஐந்தரைக்கு வரச் சொன்னேன்.

1859ல் அமைந்த தோட்டம், 2015ல் யுனெஸ்கோ மரபுடைமைத் தலமானது. அந்தப் பெருமையெல்லாம் சரி. ஆனால் புல்வெளி எனக்கு எதிரி. வெயிலில் புல்லின் பச்சை கீழிருந்து தெறித்து, முகவாயில் படியும். நம் நிறத்தில் அது நோயாளியின் சாயலைத் தந்துவிடும். எனவே அவர்களை மண் பாதைக்கு நகர்த்தினேன்.

அடுத்து, ஒளியை அளக்கும் ஒளிமானி. கேமராவுக்குள் இருக்கும் ஒளிமானிக்கு மனிதரைத் தெரியாது. எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பல் நிறம் என்றே எடுத்துக்கொள்ளும். கரிய முகம் படச் சட்டத்தை நிறைத்தால் வெளிறடிக்கும். பையன் வெள்ளைச் சட்டையில் நின்றால் அவன் முகத்தை இருட்டாக்கும். நான் தனி ஒளிமானியை முகவாய்க்கு அருகில் பிடித்து, முகத்தின்மேல் விழும் ஒளியை அளப்பேன். நிறம் எதுவானாலும் கணக்கு தப்பாது. இந்தச் சிக்கலுக்கு ஒரு வரலாறும் உண்டு. ஃபிலிம் காலத்தில் கோடாக் நிறுவனம், படங்களின் நிறத்தைச் சரிபார்க்க அச்சுக்கூடங்களுக்கு அனுப்பிய மாதிரி அட்டையில் நெடுங்காலம் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் முகம்தான் இருந்தது; ஷெர்லி அட்டை என்பார்கள். கரிய நிறங்கள் பிரிந்து தெரியவில்லை என்று சாக்லேட், மரச்சாமான் நிறுவனங்கள் முறையிட்டது ஃபிலிமைத் திருத்த ஒரு காரணமாயிற்று. மனிதர்களுக்கு முன்னால் அலமாரிகளுக்கு நியாயம் கிடைத்தது!

ஆறு மணிக்கு மழை. வாடகை வண்டி பிடித்துப் பெண் குடியிருக்கும் அடுக்குமாடி புளோக்குக்கே வந்துவிட்டோம். கீழ்த்தளத்தில் படமா என்று பையன் முகம் சுளித்தான். எனக்கோ அதுதான் இந்தத் தீவின் சிறந்த ஸ்டூடியோ. மேலே கூரை, பக்கங்கள் திறந்தவை. மேகம் வடிகட்டிய ஒளி ஓரத்திலிருந்து மெல்ல வரும். முகத்தின் ஒரு பக்கம் ஒளிர, மறுபக்கம் மெதுவாகக் கருமைக்குள் இறங்கும். பட்டுச் சரிகையும் கண்ணைப் பறிக்காது.

அம்மா பார்த்துக்கொண்டிருக்க, இடுப்பில் கை போடு என்று நான் சொல்லவில்லை. அந்தத் தோரணை எந்தப் பத்திரிகையிலிருந்து நம்மிடம் வந்ததோ! லிட்டில் இந்தியாவின் கேம்பல் லேனில் வாங்கிய மல்லிகைச் சரத்தைப் பையனிடம் கொடுத்து, அவள் தலையில் வைத்துவிடச் சொன்னேன். கொண்டை ஊசியை எந்தப் பக்கம் செருகுவது என்று அவனுக்குத் தெரியவில்லை. அவள் தோள் குலுங்கச் சிரித்தாள். அம்மா பொறுக்கமாட்டாமல் சட்டத்துக்குள் நுழைந்து, "இப்படி வை, மாப்பிள்ளை" என்று காட்டிக்கொடுத்தார். மூவரையும் எடுத்தேன்.

திரையில் பார்த்த அம்மா, "தம்பி, பெண்ணைக் கொஞ்சம் சிவப்பாகக் காட்டக் கூடாதா?" என்று கேட்டார். முகப்பரு இரண்டு நாளில் போய்விடும், அதை அழிக்கலாம். நிறம் போகாது, அதைத் தொடமாட்டேன் என்றேன். "எல்லாரும் செய்கிறார்களே" என்றார். செய்கிறார்கள் அம்மா, மறுக்கவில்லை. திருமண மண்டபத்துக்கு வருகிறவர்கள் வாசலில் இருக்கும் படத்தில் ஒருத்தியையும் மேடையில் இன்னொருத்தியையும் பார்ப்பார்களே என்றதற்கு அவர் பதில் சொல்லவில்லை. பெண்தான், "அண்ணா, அப்படியே இருக்கட்டும்" என்றாள்.

ஆல்பத்தின் அட்டைப் படம் இன்னும் முடிவாகவில்லை. மகள் கேட்பது பூ வைக்கும் படம். தாய் கேட்பது பூமலையில் வெயிலில் எடுத்தது. இருவரின் அனுமதியோடு இரண்டையும் அச்சிட்டு அந்த மேசையில் வைத்திருக்கிறேன். பார்த்துவிட்டுக் கேள்விகளோடு வாருங்கள். கட்டணத்தைப் பற்றிய கேள்வியை மட்டும் தேநீர் நேரத்தில் தனியாகக் கேட்கலாம்.